முதல் மான்கள் கடக்கும்வரை

நுவுராக்,
செப்டம்பர் 3

என் அன்பான அப்பாவுக்கு,

உன் மகளும் உன்னைப் பெற்றவளுமான வெர்னா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ரோஸ்வெல்லின் முழங்கால் மட்டும் நலமில்லை. ஏன் நொண்டுகிறீர்கள் என்று யார் கேட்டாலும், மழை வரப்போகிறது என்று சொல்லிச் சமாளிக்கிறார். உன்னைப் பெற்ற மனிதர் அல்லவா, பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்.

இறந்துபோன என் அப்பாவின் பெயரை உனக்கு வைத்த நாளிலிருந்து உன்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். அதனாலேயே உன்மேல் ஒரு தடவைகூடக் கை வைத்ததில்லை. உயாராக் என்று பெயர் வைத்திருக்கிற பிள்ளையை எப்படி அடிப்பது? நீ பள்ளிக்கூட ஜன்னலை உடைத்துவிட்டு வந்தபோது, "உங்கப்பா கண்ணாடிய உடைச்சிட்டாராம், நீயே போய்க் கேளு" என்று ரோஸ்வெல் நழுவிக்கொண்டார். நானும் கேட்கவில்லை. இத்தனை வருடம் விட்டுவைத்ததை எல்லாம் சேர்த்து இன்றைக்குத் திட்டப்போகிறேன்.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ, "சரிம்மா, மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. தூக்கி மேசையில் போட்டாலும் அங்கேயேதான் கிடக்கும்.

திங்கட்கிழமைத் தபால் விமானத்தில் தலைமை அலுவலகத்தின் உத்தரவு வந்தது. இக்பிக் ஆற்றின் வடகரைச் சரளை மேட்டை இந்த வருடம் நாம் மூடக்கூடாதாம். பத்தாம் தேதியிலிருந்து வெளியூர் வேட்டைக்காரர்களின் விமானங்கள் அங்கே இறங்கலாமாம். வனவிலங்குக் காப்பகத்தின் நிர்வாகி என்ற முறையில் நான் அதில் கையெழுத்துப் போட்டு ஊர்க் கூடத்தில் ஒட்ட வேண்டுமாம். உடனே இயக்குநர் ஹால்வர்சனைக் கூப்பிட்டேன். மனிதர் உற்சாகமாக இருந்தார். "பெருமைப்படுங்க வெர்னா, அதை முழுக்க எழுதினது உங்க மகன்தான். நான் ஒரு வார்த்தைகூட மாத்தல" என்றார்.

எனக்குப் பெருமையாக இல்லை. எரிந்தது. இன்னும் எரிகிறது.

முதலில் வரும் கரிபூ மான்கள் ஆற்றைக் கடக்கும்வரை சத்தம் போடக்கூடாது, சுடக்கூடாது, அக்கரையில் கால் வைக்கக்கூடாது என்பதை "உள்ளூர் நம்பிக்கை" என்று எழுதியிருக்கிறாய். இந்த இரண்டு வார்த்தையை எழுத உனக்குக் கை எப்படி வந்தது? ஏழு வயதில், வடகரையில் முதல் மான் தலை நீட்டியபோது, தும்மல் வந்துவிடக் கூடாது என்று என் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூச்சை அடக்கியவன் நீ. முகம் நீலமாகிப் போய்விட்டது. அன்றைக்கு அது நம்பிக்கையாகவா இருந்தது?

மான்கள் போகும் வழியைக் காட்டுகிற கழுத்துப்பட்டைக் கணக்கையும் காட்டியிருக்கிறாய். அது சரியான கணக்குதான், நான் குறை சொல்லமாட்டேன். நீந்துகிற மானைப் படகோரம் பிடித்து அந்தப் பட்டைகளை மாட்டியவர்களில் நானும் ஒருத்தி. விமானம் இறங்கினால் முதல் மான்கள் திரும்பிப் போய், மேற்கே மலைக்கு அப்பால் வேறு துறையில் கடக்கின்றன. பின்னால் வருகிற கூட்டம் அவற்றின் தடத்தை மோந்துகொண்டே அதே வழியில் போய்விடுகிறது. எப்படியோ எல்லாம் தெற்கே போய்ச் சேர்ந்துவிடுவதால் கூட்டத்துக்கு நஷ்டமில்லை என்று முடித்திருக்கிறாய். மானுக்கு நஷ்டமில்லைதான். நுவுராக்கில் இருக்கிற மனிதர்கள் உன் கணக்கில் எந்தப் பக்கம் வருகிறார்கள்? போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் நாம் மூடுமுன்பே விமானங்கள் இறங்கிவிட்டதால் அவை சரியாக வரவில்லை. வீட்டுக்கு வீடு உறைபெட்டியைத் திறந்தால் பனிக்கட்டிதான் இருக்கிறது. பிள்ளைகள் கடையில் விற்கிற கோழியைத் தின்கின்றன. அந்தக் கோழி எந்த ஊரில் செத்ததோ, எப்போது செத்ததோ.

உத்தரவை எடுத்துக்கொண்டு ஊர்க் கூட்டத்துக்குப் போனேன். உன் டெல்பர்ட் மாமா எழுந்து நின்று, "எங்கப்பன் பட்டணத்துல உக்காந்து உத்தரவு போடுறாரு, எங்கக்கா சர்க்கார் பச்சைச் சட்டைய மாட்டிக்கிட்டு வந்து அதை ஒட்டுறா. நல்ல குடும்பம்டா நம்ம குடும்பம்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியாயிற்றே என்று பார்க்காமல், "வாயை மூடிட்டு உக்காருடா. ஒட்டுறேன்னு யார் சொன்னது?" என்றேன். பிறகு, நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த வேறொரு அறிவிப்பை ஒட்டினேன். முதல் மான்கள் கடக்கும்வரை சரளை மேடு மூடப்பட்டிருக்கும் என்று அதில் இருக்கிறது.

டெல்பர்ட்டின் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் வந்து, "அக்கா, மேடு சேறா இருக்கு, விமானம் புதைஞ்சிடும்னு எழுதிடேன். உன் வேலையாவது தப்பிக்கும்" என்று காதில் சொன்னான். நல்ல யோசனைதான், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் சேறு என்று எழுதினால் சேறு காய்ந்த அன்றைக்குத் திறக்க வேண்டும். நான் எதற்காக மூடுகிறேனோ அதைத்தான் எழுதுவேன் என்றேன்.

மறுநாளே ரோஸ்வெல்லும் டெல்பர்ட்டும் நானும் அக்கரைக்குப் போய், வெள்ளத்தில் ஒதுங்கிக் கிடந்த மரங்களை உருட்டி மேட்டின் குறுக்கே போட்டோம். மான்கள் இன்னும் வெகு தூரத்தில் இருக்கின்றன. எங்கள் வாடையைக் கழுவ மழை வரும் என்று ரோஸ்வெல்லின் முழங்கால் உறுதி கொடுத்தது. அன்று சாயங்காலமே கொட்டித் தீர்த்தது.

காப்பகத்துக்கு எல்லை போட அதிகாரிகள் வந்தபோது என் அப்பா என்ன சொன்னார் என்று ஊரில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். "கோடு போடுங்கய்யா, தாராளமா போடுங்க. போட்டுட்டு ஒரு தடவை மானுங்களுக்கும் படிச்சுக் காட்டிட்டுப் போங்க" என்றாராம். அந்த வாய் உனக்கும் இருந்தது. எங்கே வைத்துவிட்டு வந்தாய்?

என் அறிவிப்பின் நகலைத் தலைமை அலுவலகத்துக்கும் இதே தபாலில் அனுப்பியிருக்கிறேன். அது உன் மேசைக்குத்தான் வரும். காலுறைகள் பின்னி வைத்திருக்கிறேன், உனக்கு இன்னும் அதே அளவுதானா என்று தெரியவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

கோபத்தோடும் அன்போடும்,
வெர்னா

* * *

நுவுராக்,
செப்டம்பர் 14

அப்பா,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. நடந்தது வேறு யார் வாய் வழியாகவாவது உன் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலையில் முதல் மான்கள் வந்தன. ஊரே தென்கரையில் கூடாரம் போட்டுக் காத்திருந்தது. படகுகளைக் கரையேற்றிவிட்டோம். நாய்களை முன்பே ஊருக்கு அனுப்பியாயிற்று. அடுப்பில்கூட நெருப்பு இல்லை, முந்தின இரவு காய்ச்சி ஆறிப்போன தேநீரையே எல்லோரும் குடித்தோம். வடகரைப் புதரை விலக்கிக்கொண்டு வயதான பெண் மான் ஒன்று வந்து நின்றது. ஒரு காது கிழிந்திருந்தது. அதன் பின்னால் பத்துப் பன்னிரண்டு. தண்ணீரில் முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டது அப்பா. நான் அழுதுவிட்டேன்.

அப்போதுதான் ரோஸ்வெல்லின் படகுக்குள்ளிருந்து, ஊரிலேயே தங்கிவிட்ட லூலு அத்தையின் குரல் வந்தது. "எல்லாருக்கும் காலை வணக்கம்! என் பெரிய சூப் பானைய எடுத்துட்டுப் போன மகராசன் யாருப்பா? மூடி மட்டும் இங்க இருக்கு. மூடியில நான் என்னத்தக் காய்ச்சுறது?"

ஊரார் பேசிக்கொள்கிற படகு ரேடியோவை ரோஸ்வெல் அணைக்க மறந்திருக்கிறார்! பிறந்தநாளா, சீட்டாட்டமா, காணாமல் போன கையுறையா, எதுவானாலும் ஊர் முழுக்க அதில் கேட்டே பழகிவிட்டோம். அது ஓடிக்கொண்டிருப்பதே நம் காதில் விழுவதில்லை. மான்களின் காதில் விழுந்தது. கிழிந்த காது ஒரு தடவை ஆடியது, அவ்வளவுதான். புதர் மூடிக்கொண்டது. பின்னால் மலைச்சரிவில் நகர்ந்துகொண்டிருந்த கூட்டமும் நின்றது, பிறகு மேலே திரும்பியது.

லூலு அத்தை மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய பானை எங்கள் கூடாரத்தில்தான் இருந்தது.

ரோஸ்வெல் ரேடியோவை அணைத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விமானச் சத்தம் கூடாது என்று வெளியூர்க்காரனைத் தடுத்துவிட்டு, வீட்டுக்காரர் செய்ததை நான் பார்க்காத மாதிரி இருக்க முடியுமா? பையிலிருந்து அபராதச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். எல்லோர் முன்னாலும் அவர் பெயரை எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "ராத்திரி நான் எங்க படுக்கணும்னும் இதுலயே எழுதிக் குடுத்துடு" என்றார். டெல்பர்ட், "எங்கக்கா சொந்தப் புருஷனுக்கே சீட்டுக் கிழிச்சிட்டாய்யா!" என்று கத்தினான். சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் தீரவில்லை. சிலர் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

போனவர்கள் சும்மா போகவில்லை. "இனி மூடி வெச்சு என்ன பண்ணப்போற? விமானத்த விடு. வேட்டைக்கு வர்றவன் கொம்பத்தானே எடுப்பான், கறியாவது நமக்குக் குடுத்துட்டுப் போவான்" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. டெல்பர்ட்டுக்குத்தான் பொறுக்கவில்லை. "அவன் விட்டுட்டுப் போறதத் தின்னவா நாம இங்க பொறந்தோம்?" என்று பாய்ந்தான். பத்து நாளைக்கு முன் என்னைக் கேலி செய்தவன், இப்போது எனக்காக ஊரோடு சண்டை போடுகிறான்.

நடந்ததை ஒளிக்காமல் அறிக்கையாக அனுப்பினேன், ரோஸ்வெல்லின் பெயரையும் சேர்த்துத்தான். இயக்குநர் உடனே கூப்பிட்டார். "உங்க ஊர்க்காரங்களே விரட்டிட்டாங்களே வெர்னா, இனிமே தடை எதுக்கு?" என்றார். "விரட்டல, தவறிப்போச்சு. தவறினவருக்கு அபராதமும் போட்டாச்சு. முதல் மானுங்க இன்னும் கடக்கல, அதனால தடையும் போகாது" என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் நான் திறக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அவரே திறந்துவிட்டு, இந்த நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைப்பாராம். என் நன்மைக்காகத்தான் சொல்கிறாராம்.

இந்த நாற்காலி எனக்கு வேண்டும் அப்பா. வேண்டாம் என்று சொன்னால் அது பொய். பத்தொன்பது வருடமாக ஊரார் என்னைச் சர்க்கார் என்கிறார்கள், சர்க்கார் என்னை ஊர் என்கிறது. இரண்டு பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டே இந்த வேலையை நேசித்திருக்கிறேன். பறவை முட்டை எடுக்கிற காலத்துக்காகவும், விறுவிறுவென்று பெரிய மீன்கள் மேலேறி வருகிற ஓடைக்காகவும் தலைமை அலுவலகத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்திருக்கிறேன். இதை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. அதற்காகக் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று மட்டும் நினைக்காதே. நீ நினைத்தாலும் சரி, நடக்காது.

கிழிந்த காதுக்காரி மேலே எங்கேயோதான் நிற்கிறாள். அவளும் பிடிவாதக்காரியாகத்தான் தெரிந்தாள்.

தொண்டையைக் கவனித்துக்கொள். உனக்கு இந்த மாதத்தில்தான் எப்போதும் இருமல் வரும்.

வெர்னா

* * *

நுவுராக்,
செப்டம்பர் 22

என் அப்பாவுக்கு,

கடந்துவிட்டார்கள்! இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று நேற்றிலிருந்து கை துடிக்கிறது.

வெள்ளிக்கிழமை நான் திறக்கவில்லை. சொன்னபடி அவர்களே திறந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். நான் பட்டணத்து விமான நிலையத்துக்குப் போன் போட்டு, அங்கே காத்திருந்த விமானிகளிடம் நேராகப் பேசினேன். "மேடு திறந்திருக்குன்னு அலுவலகம் சொல்லுது. ஆனா நான் போட்ட மரமெல்லாம் அங்கேயேதான் கிடக்கு. நான் எடுக்கமாட்டேன். முதல் மானுங்க கடந்ததும் என் கையாலயே எடுத்துட்டு நானே உங்களக் கூப்பிடுறேன்" என்றேன். அவர்களில் மூத்தவர், "கூப்பிடுங்கம்மா. காப்பி இன்னும் தீரல" என்றார். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

லூலு அத்தைதான் ரொம்ப உடைந்துபோயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லோரும் ரேடியோவை அணையுங்கள் என்று சொல்வதற்காக ரேடியோவை எடுத்தாளாம். பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு அதைக் கீழே வைத்துவிட்டு, வீடு வீடாக நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தாளாம். அவள் அவ்வளவு தூரம் நடந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்குத்தான் வந்தார்கள். அதே கிழிந்த காது, அதே இடம். இந்தத் தடவை அவள் நிற்கவே இல்லை. நேராகத் தண்ணீரில் இறங்கினாள். எங்களுக்குக் கீழே, கல்லெறி தூரத்தில் கரையேறி, உடம்பை உதறிக்கொண்டு எங்களைப் பார்த்தாள். டெல்பர்ட் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் வீட்டில் மான் இறைச்சி என்று ஒன்று வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் துப்பாக்கியை எடுக்கவில்லை. ஒருத்தரும் எடுக்கவில்லை. முதல் கூட்டம் எங்களைத் தாண்டித் தென்கரைக் குன்றின் பின்னால் மறைந்தது. அதன் பின்னால் ஆறே தெரியாதபடி கொம்புகள்.

அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! ரோஸ்வெல் முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டார். நீ இருந்திருக்க வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீ என் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

இன்றைக்கு நுவுராக்கில் எல்லா வீட்டிலும் கறி தொங்குகிறது. நேற்றே நாங்கள் மூவரும் போய் மரங்களை உருட்டித் தள்ளினோம். சொன்னபடியே விமானிகளைக் கூப்பிட்டேன். சாயங்காலம் முதல் விமானம் இறங்கியது. வந்திறங்கிய வேட்டைக்காரர்கள் குளிரில் விறைத்துப்போயிருந்தார்கள். லூலு அத்தை மூடியோடு படகில் வந்து சேர்ந்து, அதே பானையில் சூப் வைத்து அவர்களுக்கும் ஊற்றினாள். ரோஸ்வெல் அவர்களிடம் தன் அபராதச் சீட்டை எடுத்துக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் இன்று காலை கூப்பிட்டார். மான்கள் கடந்தது நல்ல செய்தி என்றார். ஆனாலும் உத்தரவை மீறியது மீறியதுதானாம். என்னை விலக்கும் கடிதம் தயாராகிறதாம். "எழுதுற பொறுப்பு உங்க மகன்கிட்டதான் இருக்கு. எனக்கே சங்கடமா இருக்கு வெர்னா" என்றார். அவர் சங்கடத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்? "எழுதச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எழுது அப்பா. எனக்காக மறுத்துவிட்டு உன் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று எழுது, அது உண்மை. எச்சரித்த பிறகும் அடங்கவில்லை என்று எழுது, அதுவும் உண்மை. அடுத்த வருடம் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், நான் இதே தென்கரையில் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள். "உள்ளூர் நம்பிக்கை" என்ற அந்த இரண்டு வார்த்தை மட்டும் அதில் வரக்கூடாது. வந்தால் வாங்கமாட்டேன்.

இன்னொன்று. அதைத் தபாலில் போடாதே. நீயே கொண்டுவா. என் அப்பா ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லமுடியாத எதையும் சொன்னதில்லை. நீ என் கையில் கொடு, நான் உன் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன், அழமாட்டேன். அதற்கு முன் சாப்பிட்டுவிடு. டெல்பர்ட் தன் முதல் மானின் நாக்கை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறான். "எங்கப்பன் பங்கு, யாரும் தொடக்கூடாது" என்று உறைபெட்டி மேல் எழுதி ஒட்டியிருக்கிறான். காலுறைகளையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

நீ நன்றாக இருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் உன் பெயருக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும்.

மேட்டில் இப்போது ஒரு மரம்கூட இல்லை. விமானம் இறங்கலாம்.

உன் மகளும் உன்னைப் பெற்றவளுமான
வெர்னா